சேரமங்கை வீட்டு வாசல்ல இருந்து: சரித்திர நாவல் எழுத வர்றவங்களுக்கு

சரித்திர நாவல் எழுதணும்னு ஆசையோட வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே மொதல்ல கேக்குறது, "எந்த ராஜாவைப் பத்தி எழுதலாம்?"னுதான். நான் சொல்றது, ராஜாவை இப்போதைக்கு விடுங்க, கல்லுல இருக்குற ஒரே ஒரு வரியை எடுங்க, அதுவும் நீங்க நடந்து போய்ப் பாக்கக்கூடிய ஒரு வரியா எடுங்க. ராஜா தானா வருவாரு, அந்த வரியில இருக்குற ஆளுக்கு எவ்வளவு தூரத்துல தெரியணுமோ அவ்வளவு தூரத்துல வருவாரு.

நான் எடுத்த வரி தஞ்சாவூர் பெரிய கோயில்ல இருக்கு. ராஜராஜன் கோயில் கட்டி முடிச்சதும் ஆடுறதுக்கு 400 பொண்ணுங்களை மத்த ஊரு கோயில்கள்ல இருந்து கொண்டாந்து கோயிலைச் சுத்தி குடி வெச்சான், அவங்களுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள்னு பேரு. அந்த 400 பேரோட பேரு, எந்த ஊருக் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவுல ஒரு பக்கத்து வீட்டு வரிசை), எத்தனாவது வீடு எல்லாத்தையும் வெட்டி வெச்சிருக்கான். அதுல மொத ஆளு, தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு, அதாவது மொத வீடு, திருவையாத்து ஓலோகமாதேவீச்சரத்து நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணோட வீட்டு அட்ரஸ் அப்படியே கல்லுல நிக்குது, இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. நாவல் அங்க ஆரம்பிச்சிடுச்சு. கீழ சொல்றது எல்லாம் அந்த ஒரு வரியைத் தொரத்திக்கிட்டுப் போய் நான் கத்துக்கிட்டதுதான், உங்க வரி வேற ஊரா இருக்கலாம், ஆனா வேலை இதே வேலைதான்.

மொதல் வேலை, ஊருக்குக் கிளம்பாதீங்க

வரி கிடைச்சதும் பையைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு தோணும். வேணாம், மொதல்ல அச்சுல வந்த பாடத்தைத் தேடிப் படிங்க. பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதியில இருக்கு, ஹூல்ட்ஷ் பதிப்பிச்சது, நான் சொல்ற பட்டியல் அதுல 66ஆம் எண். இந்தத் தொகுதியில தமிழ்ப் பாடத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் இருக்கு, பின்னாடி வந்த நெறைய தொகுதிகள்ல வெறும் பாடம் மட்டும்தான், அதனால புதுசா வர்றவங்களுக்கு இது நல்ல ஆரம்பம். ஸ்கேன் பண்ணுன பிரதிங்க இணையத்துலயே கிடைக்குது. பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல தேடுங்க, நேர்ல போகணும்னா சென்னை தரமணியில ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம், தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள சரஸ்வதி மகால். உங்க கதை வெள்ளைக்காரன் காலம்னா எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் உங்களுக்குக் கோயில். எல்லா எடத்துலயும் அடையாள அட்டையோட போங்க, போறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி நேரம், அனுமதி எல்லாம் கேட்டுக்கோங்க.

படிக்கும்போது ரெண்டு கணக்கு கை வந்துடணும். ஒண்ணு ஆட்சியாண்டு. கல்வெட்டுல "யாண்டு 29" அப்படின்னுதான் இருக்கும், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985, அதை மொதல் வருஷமா வெச்சு எண்ணுனா 29 ஆவது வருஷம் 1013-14ல வரும், இந்தப் பட்டியல் அந்தக் காலம்தான். விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேல இருக்குற கோபுரத்துக்கு, மேல வைக்கிற செப்புக்குடத்தை ராஜா குடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், அதாவது 1010. அப்போ என் கதையில கலசம் ஏறுனதுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவுல ஒரு நாலு வருஷம் இருக்கு, ஒரு பொண்ணு வளர்றதுக்கும் மாறுறதுக்கும் அது போதும்.

இன்னொண்ணு அளவைக் கணக்கு, இதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. சேரமங்கைக்குக் குடுத்தது ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குன்னா வருஷத்துக்கு 100 கலம் நெல்லு, ஆடவல்லான்ங்கிற மரக்கால்ல அளந்து குடுக்கணும். ஒரு கலம் 12 மரக்கால், ஒரு மரக்கால் 8 நாழி, பெருக்குங்க, 9,600 நாழி வருது, 365ஆல வகுத்தா நாளுக்கு 26 நாழி நெல்லு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள்ல அஞ்சு பங்கு நெல்லுக்கு ரெண்டு பங்கு அரிசின்னு கணக்கு வரும், அப்போ நாளுக்குப் பத்து நாழிக்கு மேல அரிசி. ஒருத்தி வயித்துக்கு இவ்வளவு வேணாம், இது ஒரு வீடே உக்காந்து சாப்பிடுற அரிசி. நான் மொதல்ல அவளைப் பாவப்பட்ட பொண்ணா, ராஜா கட்டளைக்காக அழுதுக்கிட்டே ஊரை விட்டு வர்றவளாதான் நெனச்சிருந்தேன், இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சதும் அந்த அழுகை பொய்யாப் போச்சு. அவ அழலாம், ஆனா பசிக்காக அழல. அவளைச் சுத்தி ஒரு அம்மா, ஒரு தங்கச்சி, வேலைக்கு ஒரு ஆளு எல்லாம் வந்து உக்காந்துக்கிட்டாங்க.

அதே கல்வெட்டுல இன்னொரு விஷயம் இருக்கு. பங்கு வாங்குறவங்க செத்துப் போனாலோ வெளியூரு போனாலோ அவங்களுக்கு நெருங்குன சொந்தம் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு வேலையைச் செய்யணும், அந்தச் சொந்தக்காரங்களுக்குத் தகுதி இல்லேன்னா தகுதியான ஆளை வெச்சு செய்ய வைக்கணும். தகுதி இல்லேன்னா! ஆடத் தெரியாத ஒரு தங்கச்சியை நான் கதைக்குள்ள கொண்டாந்தது இந்த ஒரு வரியாலதான், நாவல்ல பாதி அவளோடது ஆயிடுச்சு. கற்பனைக்கு முட்டுக்கட்டை போடும்னு சிலர் கல்வெட்டைப் பாத்துப் பயப்படுறாங்க, என் அனுபவத்துல கற்பனைக்குச் சோறு போட்டதே அதுதான்.

கேள்வி எழுதிக்கிட்டுப் போங்க

கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு தாள்ல பத்து கேள்வி எழுதுங்க, அதுக்கு மேல வேணாம். "தஞ்சாவூர் எப்படி இருக்கும்" மாதிரி கேள்வி வேலைக்கு ஆகாது. "திருவையாத்துல இருந்து தஞ்சாவூருக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும், வழியில எத்தனை ஆறு தாண்டணும், எந்த எடத்துல வர்றப்ப விமானம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்குது" இந்த மாதிரி, காலால பதில் சொல்ற கேள்வியா இருக்கணும்.

நான் நடந்தேன். இன்னிக்கு ரோட்டுக் கணக்குல பன்னண்டு பதிமூணு கிலோமீட்டர்தான், பஸ்ல ஏறுனா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆனா நடந்தா வேற. திருவையாறு காவிரிக்கு வடகரையில இருக்கு, காவிரியைத் தாண்டுனா குடமுருட்டி, அப்புறம் வெட்டாறு, வெண்ணாறு, தஞ்சாவூரை நெருங்குறப்ப வடவாறு. இப்ப எல்லாத்துக்கும் பாலம் இருக்கு, ரெண்டாவது பாலத்துல நின்னு கீழ தண்ணியைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது, பாலம் இல்லாத காலத்துல இது ஒரு காலை நடை கெடையாது, ஒவ்வொரு ஆத்தங்கரையிலயும் காத்துக் கெடக்கணும், ஐப்பசியில வெள்ளம்னா போகவே முடியாது, கோடையில மணல்ல காலு பொசுங்கும். அம்மா வீட்டுக்கு அவ நெனச்சப்பெல்லாம் போயிட்டு வர முடியாதுங்கிறது மேப்ல பாத்தா தெரியாது, மேப்ல ரெண்டு ஊரும் விரல் நுனியில ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு மட்டும் கவனம், ஆறுங்க தடம் மாறும், அதனால இன்னிக்குப் பாக்குற கரையை அப்படியே கதையில வெக்காம, "ஆறு தாண்டணும்"ங்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

கிளம்புற விஷயம் சுருக்கமா: சென்னையில இருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் புடிச்சா காலையில தஞ்சாவூர். மார்கழி, தை நல்லது. சித்திரை வெயில்ல கோயில் பிரகாரத்துக் கருங்கல்லுல வெறுங்கால்ல நிக்க முடியாது, கனமான சாக்ஸ் ஒண்ணு பையில இருக்கட்டும். மத்தியானம் சன்னதி சாத்திடுவாங்க, அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நோட்டு எழுதுறதுக்கும் வெச்சுக்கோங்க. ஐப்பசி சதயத்துல ராஜராஜனுக்கு விழா நடக்கும், ஒரு தடவை போய்ப் பாருங்க, ஆனா அன்னிக்குக் கல்வெட்டு படிக்கலாம்னு போகாதீங்க, கூட்டத்துல முடியாது.

கல்லு முன்னாடி நிக்கும்போது

கல்வெட்டு படிக்க நல்ல நேரம் காலையில சூரியன் ஏறுறப்பயும் சாயங்காலம் எறங்குறப்பயும்தான், வெளிச்சம் சாய்வா விழுந்தா எழுத்துப் பள்ளத்துல நிழல் தங்கும், உச்சி வெயில்ல எழுத்தே தெரியாது. நிழலான சுவரா இருந்தா டார்ச்சை நேரா அடிக்காம சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல அடிங்க, திடீர்னு வரி வரியா எந்திரிச்சு வரும், மொதல் தடவை பாக்குறப்ப மயிர்க்கூச்செறியும். எழுத்து நல்லாத் தெரியணும்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்குறேன், கல்லு கெட்டுப் போகும். மைப்படி எடுக்குறது, அதாவது ஈரக் காகிதத்தைக் கல்லு மேல ஒட்டி பிரஷ்ஷால தட்டி மை ஒத்தி எடுக்குறது, அனுமதி வாங்குன ஆளுங்க செய்யுற வேலை, நமக்கு அச்சுல வந்த பாடமும் ஒரு போட்டோவும் போதும். கையில வெச்சு போட்டோ எடுக்கலாம், முக்காலி ஸ்டாண்டு, டிரோன் எல்லாம் அனுமதி இல்லாம கொண்டு போகாதீங்க, கருவறைப் பக்கம் கேமராவை உள்ள வெச்சிடுங்க.

எழுத்துப் பழகணும்னா பயப்பட வேணாம், பெரிய கோயில் எழுத்து ரொம்ப அழகான எழுத்து, ரெண்டு மூணு வாரம் தினம் அரை மணி நேரம் உக்காந்தா தடவித் தடவிப் படிச்சிடலாம். புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், நடுநடுவுல கிரந்த எழுத்து வரும். ஊகிச்சுத்தான் படிக்கணும். ஸ்ரீவிமானத்துல ராஜா சொன்னதா ஒரு வாசகம் இருக்கு, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக"ன்னு, அதுல இருந்து ஆரம்பிங்க. குடுத்தன, குடுத்தனன்னு ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வர்றதால கண்ணு சீக்கிரம் பழகிடும். கொடுத்தன இல்ல, குடுத்தன, நம்ம வீட்டுல பேசுற மாதிரியே! ஒரு ராஜாவோட வாயில இருந்து இந்தக் "குடுத்தன"வைப் படிச்சதுக்கு அப்புறம் என் பாத்திரங்களுக்கு நான் எழுதி வெச்சிருந்த நாடக வசனத்தை எல்லாம் தூக்கிப் போட்டேன்.

திருவையாத்துல ஐயாறப்பர் கோயிலுக்குள்ள வடகயிலாயம்னு இப்ப சொல்ற சன்னதிதான் ஓலோகமாதேவீச்சரம், ராஜராஜனோட ராணி தந்திசக்தி விடங்கிங்கிற ஓலோகமாதேவி கட்டுனது. சேரமங்கை ஆடுன எடம். அங்க சுவரைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன், பூக்கூடையோட போன ஒரு அம்மா நின்னு கேட்டாங்க, "ஏந்தம்பி, சாமி உள்ள இருக்காரு, நீ சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறியே?" நான் விஷயத்தைச் சொன்னேன், இங்க ஆடுன பொண்ணு பேரு தஞ்சாவூர்ல கல்லுல இருக்கும்மான்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அவ பேரைச் சொல்லி ஒரு பூ வெச்சிட்டுப் போப்பா"ன்னு ஒரு முழம் குடுத்தாங்க, காசு வாங்கல. ஊர்க்காரங்ககிட்டப் பேசுறப்ப இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, நாமளா பாடம் எடுக்கக் கூடாது, என்ன தேடி வந்திருக்கோம்னு ரெண்டு வரி சொல்லிட்டு வாயை மூடிக்கணும். ஓதுவாரா இருந்தாலும் வாட்ச்மேனா இருந்தாலும் ஐயான்னு கூப்பிட்டு, உக்காரச் சொன்னா உக்காந்து, டீ குடுத்தா குடிச்சிட்டுக் கேளுங்க. அவங்க சொல்ற ஸ்தல புராணத்தைத் திருத்தாதீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுர நெழல் தரையில விழாதும்பாங்க, விழும், நான் பாத்திருக்கேன், ஆனா அந்தக் கதை எப்படி மனுஷங்க வாயில வாழுதுங்கிறதும் நமக்குத் தேவையான விஷயம்தான்.

மனசால அழிக்கக் கத்துக்கோங்க

இது எனக்கு ரொம்ப வலிச்சுக் கத்துக்கிட்ட பாடம். மொதல் டிராப்ட்ல சேரமங்கை அந்தப் பெரிய நந்தியோட நெழல்ல உக்காந்து காலு சலங்கையை அவுக்குற மாதிரி ஒரு நீளமான அத்தியாயம், எனக்கு ரொம்பப் புடிச்ச அத்தியாயம். அப்புறம்தான் தெரிஞ்சுது, இப்ப இருக்குற பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் நாயக்கர் காலம், அம்மன் சன்னதி பாண்டியர் காலத்துல வந்தது, வெளிய இருக்குற கோட்டைச் சுவரும் அகழியும் பின்னாடி வந்தது, மராட்டிக் கல்வெட்டு 1803. அத்தியாயத்தையே எடுத்தேன்.

அதனால கோயிலுக்குள்ள நின்னு ஒரு பேப்பர்ல கட்டடப் படம் போட்டு, உங்க கதை நடக்குற வருஷத்துல இல்லாததை எல்லாம் ஒண்ணொண்ணா அடிங்க. பெரிய கோயில்ல அப்படி அடிச்சா கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல், விமானம், திருச்சுற்று மாளிகை இதெல்லாம் நிக்கும், பிரகாரம் திடீர்னு ரொம்ப வெட்டவெளியாத் தெரியும். அந்த வெட்டவெளியில, புதுசா செதுக்குன கல்லோட வெளிச்சத்துல அவ நடந்து வர்றதா எழுதுனேன், பழைய அத்தியாயத்தை விட இது நல்லா இருந்துச்சு. விமானத்தோட மேல் தளத்துல 108 கரணத்துல, அதாவது ஆடுற நிலைகள்ல, 81 மட்டும்தான் செதுக்கியிருக்கு, மிச்சக் கல்லு வெறுமையா நிக்குது. ஏன் நின்னு போச்சுன்னு கல்லு சொல்லல, அந்த மாதிரி எடம்தான் நாவலாசிரியருக்கு.

சாப்பாட்டுலயும் இதே மாதிரி அழிக்கணும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, மக்காச்சோளம், புகையிலை எல்லாம் அமெரிக்காவுல இருந்து போர்ச்சுகீசியர் காலத்துக்கு அப்புறம் வந்தது, சோழர் அடுப்படியில மிளகாய் தாளிக்கக் கூடாது, மிளகுதான். மாலைக்குத் துலுக்கசாமந்தி கட்டக் கூடாது. சொல்லுலயும் பாருங்க, ஜன்னல், சாவி, அலமாரி, மேசை நாலும் போர்ச்சுகீசு மொழியில இருந்து வந்தது, தயார், பாக்கி, கைதி, சிபாரிசு எல்லாம் பாரசீகம், அரபி வழியா வந்தது. இப்படி ஒரு பட்டியலை டேபிள் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன், டிராப்ட் முடிஞ்சதும் ஒவ்வொரு சொல்லாத் தேடி எடுப்பேன்.

எழுதுற வேலை

ஊர்ல இருக்குறப்ப ராத்திரி ரூமுக்கு வந்ததும் ரெண்டு பக்கம் எழுதிட்டுத்தான் தூங்கணும், தகவலை எழுதாதீங்க, அது போட்டோவுல இருக்கு. கல்லு சூடு, வௌவால் நாத்தம், ஆத்தங்கரையில எந்த நேரத்துல காத்து திரும்புச்சு, அது மறந்துடும், அதை எழுதுங்க.

நோட்டுல மூணு பத்தி போட்டுக்கோங்க: கல்லு சொல்றது, ஆய்வாளருங்க சொல்றது, நானாச் சேத்தது. இந்த மூணையும் கலக்கவே கூடாது. சேரமங்கைங்கிற பேரு, ஊரு, வீடு, பங்கு மொதல் பத்தி. அவ தங்கச்சி மூணாவது பத்தி. வாசகர்ங்க நாவல்ல படிச்சதை வரலாறாவே நம்பிடுறாங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க, அவங்க நம்பிக்கைக்கு நாம பதில் சொல்லணும், அதனால புத்தகக் கடைசியில நாலு பக்கம் ஒதுக்கி, எது கல்லுல இருக்கு எது என் கற்பனைன்னு ஒளிவு மறைவு இல்லாம எழுதிடுவேன். அதுல எனக்கு விட்டுக்கொடுக்குற பேச்சே இல்ல.

தினம் காலையில ரெண்டு மணி நேரம் எழுத்து, சாயங்காலம் படிப்பு. சந்தேகம் வந்தா எழுத்தை நிறுத்திட்டுத் தேடப் போகாதீங்க, அந்த எடத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுட்டு மேல போங்க, தேட ஆரம்பிச்சா அன்னிக்குப் பொழுது போச்சு. எனக்கு முந்நூறு பக்கத்துல இருநூறு குறி சேந்துச்சு, அதை அடுத்த ரெண்டு பயணத்துல தீத்தேன்.

கடைசி டிராப்ட் முடிஞ்சதும் ஒரு தடவை திரும்பப் போங்க, கைப்பிரதியோட. நான் போனப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் தன்னோட வீட்டுப் பத்திரத்தைக் காட்டுனாரு, அதுல அவங்க தெரு பேரைப் போட்டு "தென்சிறகு"ன்னு இருந்துச்சு, ராஜராஜன் கல்லுல இருக்குற அதே சொல்லு. தெருவுக்குத் தெக்கால இருக்குற வரிசை, வாசல் வடக்கப் பாத்து இருக்கும். நானோ மொத அத்தியாயத்துல, மார்கழிக் காலையில வாசல் வழியா வெயில் உள்ள வந்து சேரமங்கை மொகத்துல விழுறதா எழுதி வெச்சிருந்தேன். வடக்குப் பாத்த வாசல்ல மார்கழி வெயில் எப்படி விழும்? அவர் வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து அந்தப் பத்தியை அடிச்சு எழுதுனேன், இப்ப அவ தலைக்குக் குளிச்சிட்டு முடி உலத்துறதுக்குக் கொல்லைப்பக்கம் போறா, வெயில் அங்கதான் இருக்கு.